வைப்பர் மோட்டாரில் ஓடும் ஆர்டூ

கோயம்புத்தூர்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவைக்குப் பிறகு நீயே உன் கையால் எழுதிய முதல் கடிதம் அது என்பது உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மருமகள் எழுதிய கடிதங்களில் நலம் விசாரிப்பு மட்டுமே இருக்கும். இதில் உன் பழைய குத்தலும் திரும்பியிருந்தது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் முப்பதாயிரம் ரூபாயைக் கொண்டுபோய் ஒரு பொம்மையில் போடுவானேன், அதுவும் வேறு யாரோ செய்ததைப் பார்த்துச் செய்யும் போலியில் போடுவானேன் என்று கேட்டிருந்தாய். பணக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். போலி என்றாயே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் செய்துகொண்டிருப்பது 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் ஆர்டூ-டீடூ என்னும் குட்டை ரோபோவை. உயரம் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர், தலையில் கவிழ்த்த குடம்போல 46 சென்டிமீட்டர் அகலக் கவிகை, உருளை உடல், மூன்று கால்கள். படத்தில் பார்க்கும்போது அது ஒரே இயந்திரம் என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் இரண்டு காலில் நின்று அசைந்தாடும் உருவம் ஒன்று, மூன்று காலில் உருண்டோடும் உருவம் வேறொன்று. முன்னதற்குள் 112 சென்டிமீட்டர் உயரமுள்ள கென்னி பேக்கர் என்ற நடிகர் உட்கார்ந்து ஆட்டினார். பின்னதை வானொலி அலையால் இயக்கினார்கள். துனீசியப் பாலைவனத்தில் படம்பிடித்தபோது அந்த இரண்டாவது உருவம் சொன்ன பேச்சைக் கேட்காமல் படக்குழுவைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. தலையில் மூன்று இடங்களில் துருத்திக்கொண்டிருக்கும் கண் போன்ற குமிழ்கள், பழைய பயணிகள் விமானத்தில் இருக்கைக்கு மேலே இருக்கும் வாசிப்பு விளக்கின் பாகங்கள். ஆக, மூலமே கிடைத்ததைக் கொண்டு ஒட்டிச் சேர்த்த உருவம்தான், சண்முகம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமானைக் கொண்டு நான் கட்டுகிற ஆர்டூ, பளபளக்கும் அலுமினியத்தில் இலட்சக்கணக்கில் செலவழித்துக் கடைந்தெடுக்கப்படும் ஆர்டூவைவிட அந்த முதல் உருவத்துக்கு நெருங்கிய உறவு என்பது என் கட்சி.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததன்று. 1999இல் ஆர்வலர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, உருவத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவெடுத்து வரைபடம் போட்டுப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். 2015இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ரோபோ செய்ய, அப்படி வீட்டில் செய்து பழகிய இங்கிலாந்துக்காரர் இருவரையே தயாரிப்பாளர்கள் வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி அழைப்பு ஏதும் வராது, பயப்படாதே.

தலையில்தான் தொடங்கினேன். கவிகையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும் அனுப்புச் செலவும் சேர்ந்து என் மொத்தச் செலவைத் தாண்டிவிடும். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று படித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அலுமினியத் தகட்டை லேத்தில் சுழலவிட்டு, அச்சின்மேல் நீண்ட கைப்பிடிக் கருவியால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக்குகிறார்கள். நம் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் அண்டாவும் குண்டானும் பிறப்பது அப்படித்தானே! வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "விளிம்பு இல்லாத அண்டாவா? மூடி எப்படி நிற்கும்?" என்று கேட்டார். அதுவே மூடி என்று விளக்கியபின், மர அச்சு கடைவதற்கும் சேர்த்து 2,200 ரூபாய்க்குச் செய்து தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி அதை நிமிர்த்தி வைத்துப் பார்த்து, நாலு படி அரிசி தாராளமாக வேகும் என்றாள். அதில் செவ்வகத் துளைகள் வெட்ட நான் ரம்பத்தை எடுத்த அன்று அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

உடலுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் வளையங்கள். அவற்றின்மேல் அலமாரிக் கதவு செய்யும் பிவிசி நுரைப்பலகையை வளைத்து ஒட்டிய மேல்தோல். நுணுக்கமான சில பாகங்களை ஒரு பையனிடம் கொடுத்து முப்பரிமாண அச்சில் எடுத்தேன். அவற்றில் நாலைந்தை மே மாத வெயிலில் காருக்குள் மறந்து வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் அப்பளம் பொரித்தாற்போல நெளிந்து கிடந்தன. பிஎல்ஏ என்ற அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும் என்பதை அன்று கற்றேன்.

இனி உனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஓட்டத்துக்குப் பழைய கார்களின் வைப்பர் மோட்டார் இரண்டை, ஒன்று 600 ரூபாய் வீதம் வாங்கினேன். திருகு போன்ற தண்டு சுழற்றும் புழுப் பல்சக்கரம் உள்ளேயே இருப்பதால் வேகம் குறைவு, இழுவை அதிகம். அதன் இரண்டு வேக இணைப்புகளில் வேகமானதில் நிமிடத்துக்கு 65 சுற்று வைத்துக்கொள். சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 31 சென்டிமீட்டர் சொச்சம். நொடிக்கு 34 சென்டிமீட்டர் நகரும். கோயிலில் பிராகாரம் சுற்றும் பாட்டியின் நடை அது. இன்னும் வேகம் வேண்டும் என்பவர்கள் மின் ஸ்கூட்டர் மோட்டாரோ சக்கர நாற்காலி மோட்டாரோ போடுகிறார்கள். பழைய பேப்பர்க்காரரின் தராசில் 38 கிலோ காட்டிய ஒன்று பிள்ளைகள் நடுவே ஓட, எனக்கு இந்த வேகமே போதும்.

முதல் ஓட்டத்தில் நேராகப் போயிற்று, நேராகப் பின்வாங்கிற்று. நின்ற இடத்திலேயே திருப்பலாம் என்று ஒரு சக்கரத்தை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓட்டினேன். அடுத்த நொடி உள்ளிருந்து புகை. மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகைகள் இரண்டும் கருகிவிட்டன. மூன்று நாள் மண்டையைக் குழப்பிக்கொண்ட பிறகே காரணம் பிடிபட்டது. இந்த மோட்டார்களில் மின்முனை ஒன்று மோட்டாரின் இரும்புக் கூட்டோடே இணைந்திருக்கிறது. காரில் வண்டியின் உடலே எதிர்முனை என்பதால் அங்கே அது வசதி. நானோ இரண்டு மோட்டாரையும் ஒரே இரும்பு ஆங்கிளில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஓடும்போது ஒரு கூட்டில் நேர்முனை, மற்றதில் எதிர்முனை. நடுவே நான் போட்ட ஆங்கிளே குறுக்குச்சுற்று! இரண்டும் ஒரே திசையில் ஓடியவரை அது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது ஆங்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளைவுட் கட்டையில், நைலான் வாஷர் வைத்து மாட்டியிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் இருந்ததுபோல் நீ பக்கத்து மேசையில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பாய்.

மின்கலம், யுபிஎஸ் பெட்டிகளில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயக் கலம் இரண்டு. அவற்றைப் பக்கக் கால்களின் பாதக் கூட்டிலேயே வைத்திருக்கிறேன். எடை தரையோடு இருந்தால்தான் உருவம் தள்ளாடாது. மூன்று காலில் நிற்கும்போது உடல் 18 டிகிரி பின்னுக்குச் சாயும். அதனால் சடக்கென்று கிளம்பினாலோ நின்றாலோ தலை ஆடிப்போகும். வேகம் படிப்படியாக ஏறி இறங்கும்படி ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் நிரல் எழுதினேன். கையில் பிடித்து ஓட்டும் ரிமோட்டின் சமிக்ஞை அறுந்தால் தானே நின்றுவிடும்படியும் செய்தேன். முதுகில் ஒரு சிவப்புக் குமிழ் விசையும் உண்டு. மூலத்தில் இல்லாதது அது ஒன்றுதான்; அதில் எனக்குக் கூச்சமில்லை. இரண்டு காலிலிருந்து மூன்று காலுக்குத் தானே மாறும் அமைப்பைத் தொடவே இல்லை. முதல் படத்திலேயே அதைக் காட்சியை வெட்டித்தான் சமாளித்தார்கள். நான் எதற்கு முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?

நீலச் சாயம் மட்டும் இன்னும் அமையவில்லை. மூன்று கடையில் கலந்து பார்த்தும் ஒன்று இங்க் போல இருக்கிறது, ஒன்று பேருந்துபோல இருக்கிறது. அந்தப் பழைய படத்தின் விண்வெளிக் காட்சிகளில் நீல நிறத்தை நீக்கிவிட்டு வேறு பின்னணியைச் சேர்க்கும் நீலத்திரை நுட்பத்தால் ஆர்டூவின் நீலப் பலகைகள் கறுப்பாகவே மாறிவிட்டனவாம். ஆகவே நிறத்தில் யாராவது குறை சொன்னால் எனக்குக் கைவசம் விடை இருக்கிறது.

பணக் கணக்கு: மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் எடுப்பதில்லை என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினோரு மாதம், 26,800 ரூபாய். இதில் கருகிய பலகைகளும் நெளிந்த பாகங்களும் சேர்ந்து 1,900. நீ சொன்ன முப்பதாயிரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது.

எழுத முக்கியக் காரணம் இனிமேல்தான். நடுக்காலில் தானே திரும்பும் கேஸ்டர் சக்கரம் போட்டிருக்கிறேன். முன்னே போகும்வரை சமர்த்து. பின்வாங்கத் தொடங்கியதும் அது அரைவட்டம் அடித்துத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் உருவத்தின் முன்பக்கம் ஒரு சாண் பக்கவாட்டில் எகிறுகிறது. சுற்றிலும் சிறு உருளைகள் பதித்த சக்கரம் போடலாம் என்கிறார்கள். என் வீட்டு மொசைக் தரையில் சரி, வாசல் மண்ணில் அது அடைத்துக்கொள்ளாதா? அல்லது கேஸ்டர் சக்கரத்தின் அச்சுக்கும் அது சுழன்று திரும்பும் செங்குத்துத் தண்டுக்கும் உள்ள தூரத்தைக் குறைத்தால் எகிறல் அடங்குமா? மில்லில் நூல் வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டியே முப்பது ஆண்டு கழித்தவன் நீ. இப்போது அந்தத் தூரம் 32 மில்லிமீட்டர். நடுக்காலில் விழும் எடை 11 கிலோ. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணைச் சிரமப்படுத்தாமல், பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுது. தங்கையை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்