தவணை முடிவுக் கடிதம்: வாசல் மரமும் நம் கார்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிகிறது. குறுக்கோட்டம், திருக்குறள் போட்டி, அறிவியல் விழா என்று எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், கிண்ணங்களும் வந்தன. பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் சாயங்காலம் வரை காத்திருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன உங்களுக்கும் நன்றி. படங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கின்றன. சிற்றுண்டிச்சாலைக்குப் புது மின்விசிறி போட்டாயிற்று.

சரி, இப்போது மரத்துக்கு வருகிறேன்.

வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து போன வாரம் காய்ந்த கிளை ஒன்று முறிந்து ஒரு பெற்றோரின் கார் மேல் விழுந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் அடிபடவில்லை, ஆண்டவன் புண்ணியம். அன்று இரவே குழுவில் செய்திகள் குவிந்தன, முக்கால்வாசி "மரத்தை வெட்டுங்கள் சார்" என்றுதான். 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் சாய்ந்து ஒருவர் இறந்ததையும் 17 வாகனங்கள் சேதமானதையும் சிலர் நினைவூட்டினார்கள். அந்தப் பயம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. அதனால்தான் மறுநாளே மரத்தடியைக் கயிறு கட்டி அடைத்து, மாநகர் மன்றத்துக்கு எழுதிப் போட்டு, மரங்களைப் பரிசோதிக்கும் நிபுணர் ஒருவரையும் வரவழைத்தோம்.

அவர் முதலில் மேலே பார்க்கவே இல்லை. ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, தினமும் கார்கள் நிற்கிற இடத்தில் மண்ணில் குத்தினார். ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. வேலிக்கு உள்ளே, புல் இருக்கிற பக்கம் குத்தியபோது கம்பி பாதிக்கு மேல் உள்ளே போனது. மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் இழுத்துத் தரும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, கிளை விரிந்த அளவையும் தாண்டிப் பரவுகின்றன. வேருக்குக் காற்று வேண்டும். நாம் நிழல் தேடி வருடக்கணக்காக அதே இடத்தில் டயரை ஏற்றி ஏற்றி மண்ணைச் சிமெண்டு மாதிரி ஆக்கிவிட்டோம், மழை பெய்தாலும் தண்ணீர் மேலோடு வழிந்து சாக்கடைக்குத்தான் போகிறது. கீழே வேர் செத்தால் மேலே கிளை காயும், காய்ந்த கிளை ஒருநாள் விழும். விழுந்ததும் கார் மேல்தான்.

இன்னொன்றும் காட்டினார். சாலைப் பக்கத்து அடிமரத்தில் தட்டு மாதிரி பழுப்புக் காளான் ஒன்று, விளிம்பு வெள்ளையாக, சுற்றியுள்ள இலைகளின் மேலெல்லாம் பழுப்புத் தூள். ஆண்டு 2 பிள்ளைகள் யாரோ மைலோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்களாம். அது கானோடெர்மா, அடிமரத்தையும் வேரையும் அழுகவைக்கும் பூஞ்சைக் காளான். அந்தத் தூள்தான் அதன் விதை மாதிரி. வேர் அடிபட்ட இடத்திலும் பட்டை காயப்பட்ட இடத்திலும் உள்ளே புகுந்துவிடும். புகுந்த பிறகு மருந்தடித்துக் குணமாக்க முடியாது. காளானைப் பிய்த்துப் போட்டாலும் பயனில்லை, நோய் உள்ளே இருக்கிறது. இப்போதைக்கு மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் அடிமரம் பெரும்பாலும் திடமாகத்தான் இருக்கிறது என்றார். விடுமுறையில் கருவி வைத்து உள்ளே எவ்வளவு அழுகியிருக்கிறது என்று சோதிக்கப் போகிறார்கள். முடிவு மோசமாக வந்தால் வெட்டச் சொல்லி முதலில் கேட்பது நானாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் ஆளாளுக்கு ரம்பம் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை எழுத்து மூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது, நம் மரத்தைப் பிள்ளைகள் கைகோத்துக் கட்டிப்பிடித்தாலே எட்டவில்லை. "உச்சியை மட்டும் மொட்டையடித்துவிடலாம்" என்ற யோசனையும் வந்தது, நல்லெண்ணத்தில்தான். மொட்டையடித்த இடத்திலிருந்து வரும் புதுக்கிளைகள் ஒட்டிக்கொண்ட மாதிரிதான் நிற்கும், சீக்கிரம் முறியும், வெட்டின காயம் அழுகலுக்கு வாசல்.

இப்போது கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். மரத்தடியில் கட்டிய கயிற்றை மூன்றாம் நாளே யாரோ அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு காரை நிறுத்தியிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. இன்னொரு தடவை நடந்தால் சொல்லுவேன். பள்ளி திறந்த நாள் முதல் மரத்தடியில் எந்த வண்டியும் நிற்காது, பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினர் ஆனாலும் சரி, ஆசிரியர்கள் ஆனாலும் சரி, என் கார் ஆனாலும் சரி. டியூஷன் விளம்பரத் தட்டியை ஆணியடித்து மாட்டியவர்கள் இந்த வாரத்துக்குள் கழற்றிவிடுங்கள், ஆணியை மட்டும் நீங்களே பிடுங்காதீர்கள், நிபுணர் பார்த்துக்கொள்வார். இலைக்குப்பையை மரத்தடியில் கொளுத்துவதும் வேண்டாம்.

அப்புறம் எறும்பு. ஒரு பிள்ளையைக் கடித்தது என்று யாரோ மரம் முழுக்கப் பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள். அந்தச் சிவப்பு கெரெங்கா இலை தின்னும் புழுக்களைப் பிடித்துச் சாப்பிடும், சும்மா விட்டால் நமக்கு லாபம். கிளையில் தொங்கும் பறவைக்கூட்டுப் பெரணியும் மரத்தை உறிஞ்சாது, அது உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உறிஞ்சுவது புல்லுருவி, அது இருந்தால் கிளையோடு வெட்டுவோம்.

நிறுத்த இடம் இல்லையே என்பீர்கள். கோயில் நிர்வாகத்திடம் பேசியாயிற்று, மண்டபத்துப் பக்கத்துத் திடலை மதியம் 12.30 முதல் 2 மணி வரை திறந்து விடுகிறார்கள். நிழல் கிடையாது, வெயில்தான், தெரியும். அங்கிருந்து நடந்து வந்தால் ஐந்து நிமிடம் ஆகாது, மோட்டாரில் வருபவர்கள் பின்வாசல் வழியாக வாருங்கள்.

கேட்காமலே மரத்தூள் இரண்டு லாரி கொண்டுவந்து கொட்டிக் கொடுத்த அப்பாவுக்கும், விடுமுறையில் கெட்டி மண்ணைக் கிளறிவிட வருகிறோம் என்று பெயர் கொடுத்த குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. மரத்தூளை இரண்டு மூன்று அங்குலம் பரப்பினால் போதும், அடிமரத்தைத் தொடாமல். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைகிற சமயத்தில் தண்ணீர் ஊற்றவும் ஆள் தேவைப்படும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

விடுமுறையை நன்றாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்