அணுஉலை ட்ரிப் பிரேக்கர்களின் முதல் சோதனை அளவைப் பதிவு செய்ய ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மின் பிரேக்கர் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஊழியர்

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
அணுமின் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையம்

பொருள்: உலையை நிறுத்தும் பிரேக்கர்களைத் துடைத்து கிரீஸ் போடுவதற்கு முன்பே சோதித்து, அந்த அளவைப் பதிவு செய்ய ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பணிக்காலம் முழுவதும் பிரேக்கர்களைக் கழற்றி மாட்டியவன் நான். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. அனல்மின் நிலையத்தில்தான் பார்த்தேன். ஆனாலும் பிரேக்கரின் குணம் எங்கும் ஒன்றுதான். மாதக்கணக்கில் மூடியபடி, அதாவது மின்சாரத்தை ஓடவிட்டபடி, கிடக்கும். ஆபத்து வரும் நாளில் ஒரே ஒரு தடவை, நொடியில் ஒரு சிறு பங்குக்குள் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். இதைத்தான் ட்ரிப் என்போம். இரண்டாவது தடவை திறந்து பயனில்லை.

1983 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சேலம் அணுமின் நிலையத்தின் முதல் அலகில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். உலையை இயக்கத் தொடங்கிக்கொண்டிருந்த நேரம். நிறுத்தச் சொல்லித் தானியங்கி சமிக்ஞை வந்தது. அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே தூக்கிப் பிடித்திருக்கும் மின்சாரத்தைத் துண்டிக்க, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிரேக்கர்கள் அங்கே இருந்தன. இரண்டில் எது திறந்தாலும் கோல்கள் தம் எடையாலேயே உலைக்குள் விழுந்துவிடும். இரண்டுமே திறக்கவில்லை. சுமார் 30 வினாடி கழித்து, பணியில் இருந்தவர் கையால் நிறுத்தியதால் தப்பித்தார்கள்.

அந்த பிரேக்கரைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அண்டர்வோல்டேஜ் காயில்: மின்சாரம் இருக்கும்வரை ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும், மின்சாரம் போனதும் ஸ்பிரிங் விடுபட்டு, பிரேக்கரைத் திறக்கவிடும் ட்ரிப் பார் என்ற தண்டைத் தட்டும். மற்றொன்று ஷண்ட் ட்ரிப் காயில்: இதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். அன்றைய அமைப்பில் தானியங்கி சமிக்ஞை முதல் வழிக்கு மட்டுமே போனது. அந்தப் பாகம்தான் சிக்கிக்கொண்டது. கையால் நிறுத்தும் சுவிட்சோ இரண்டு வழிகளையும் சேர்த்து இயக்கும். அதனால் பிரேக்கர் திறந்தது.

ஆனால் என்னை உறுத்துவது 25-ஆம் தேதி அல்ல, 22-ஆம் தேதி. அன்றும் அதே அலகில் தானியங்கி சமிக்ஞை வந்தது, அன்றும் பிரேக்கர்கள் அதற்கு அசையவில்லை. ஏறக்குறைய அதே கணத்தில் பணியாளரும் கையால் நிறுத்திவிட்டதால் உலை நின்றது. நின்றுவிட்டதே என்று விட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து இரண்டாவது முறை நடந்த பிறகுதான் முதல் கோளாறு தெரியவந்தது.

இதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஐயா. நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறை சோதனையில் ட்ரிப் கொடுத்தேன், பிரேக்கர் அசையவில்லை. கவரைக் கழற்றிப் பார்த்தால், பிரேக்கரை மூடிய நிலையில் பிடித்து வைக்கும் கொக்கியான லாட்ச் மேல் இருந்த கிரீஸ் காய்ந்து, பழுப்பு நிறத்தில் பிசின் போல ஒட்டிக்கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டினேன். மறுபடி ட்ரிப் கொடுத்ததும் ‘டப்’பென்று திறந்தது. துடைத்து, புது கிரீஸ் போட்டு, நேரம் அளந்தேன். அளவு வரம்புக்குள் இருந்தது. தாளில் ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் முதல் தடவை திறக்காதது எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதே வகை பிரேக்கர்கள் அந்த நிலையத்தில் வரிசையாக இன்னும் எத்தனையோ இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே, உலையை நிறுத்தும் பிரேக்கர்களைத் துடைப்பதற்கும், கிரீஸ் போடுவதற்கும், சும்மா ஒருமுறை இயக்கிப் பார்ப்பதற்கும் முன்பாகவே, இருந்த நிலையில் முதல் ட்ரிப் எத்தனை மில்லி வினாடியில் நடந்தது என்று அளந்து எழுதும்படி ஆணையிட வேண்டுகிறேன். திறக்காவிட்டால் ‘திறக்கவில்லை’ என்றே எழுத வேண்டும். பிறகு சரியானது என்பதற்காக அந்த வரியை அடிக்கக் கூடாது. ஒரு பிரேக்கர் அப்படிச் சிக்கினால் அதே வகையில் உள்ள மற்றவற்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டு காயில்களையும் தனித்தனியே சோதிப்பதும் அவசியம். சேர்த்துச் சோதித்தால் ஒன்றின் பழுதை மற்றொன்று மறைத்துவிடும். சேலம் நிகழ்வுக்குப் பின், 1983 ஜூலையில் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பிய கடிதம், உலை நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தை ஆராயவும், தயாரிப்பாளரின் பராமரிப்புக் குறிப்புகளைத் தவறாமல் பெற்றுக் கடைப்பிடிக்கவும் சொன்னது. தங்கள் ஆணையத்தின் கீழ் உள்ள நிலையங்களில் இவை காகிதத்தில் மட்டும் உள்ளனவா, பிரேக்கர் அறை வரை வந்துள்ளனவா என்பதை ஆய்வாளர்கள் நேரில் பார்க்க வேண்டுகிறேன். பழைய சோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி அழகான அளவுகள் இருந்தால், அங்கேதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செலவைக் காரணமாகச் சொல்வார்கள். நான் கேட்பது பெரும்பாலும் ஏற்கெனவே நடக்கும் சோதனையில் வரிசை மாற்றம்தான்: முதலில் அளவு, பிறகு துணி. உண்மையை எழுதும் ஊழியரிடம் ‘ஏன் இப்படி எழுதினாய்’ என்று கேட்கக் கூடாது என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்த்தால், என்னைப் போன்றவர்கள் துணிந்து எழுதுவார்கள்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பிரேக்கர் பராமரிப்பு ஊழியர்