கெர்ரியின் தலையும் சாலமாண்டரின் வாலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொகுதி மறுவரையறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தென் மாநிலங்களின் நாடாளுமன்றப் பங்கு குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கு 'ஜெரிமாண்டரிங்' என்று பெயர் கொடுத்திருந்தது. அச்சம் நியாயமானது, பெயர்தான் தவறு. அந்தச் சொல் பிறந்த கதையிலேயே அதன் பொருள் இருக்கிறது.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். மாநில மேலவைத் தொகுதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாக வெட்டி ஒட்டிய மசோதா அது. எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி கோணல்மாணலாக ஊர்களைச் சுற்றி வளைந்தது. மார்ச் 26 அன்று பாஸ்டன் கெசட் பத்திரிகை அந்த வரைபடத்துக்கு நகமும் சிறகும் பல்லும் வைத்து, புதுவகை அரக்க விலங்கு என்று அச்சிட்டது. பல்லி போன்ற சாலமாண்டரின் பெயரில் முன்பாதியை எடுத்துவிட்டு ஆளுநரை ஒட்டினார்கள்: கெர்ரிமாண்டர். அவர் பெயர் 'கெ' என்றுதான் தொடங்கும். 'ஜெ' பிற்பாடு வந்த உச்சரிப்பு.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரி தோற்றார். அவர் கட்சியோ குறைந்த வாக்குகள் வாங்கியும் மேலவையின் 40 இடங்களில் 29-ஐப் பிடித்தது. குடிமக்களின் உரிமைகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று 1787-ல் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்த மனிதர் அவர். இந்த விலங்கால் மட்டுமே அவர் நினைக்கப்படுவது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் 'மாண்டர்' என்ற அந்த வால் தனியாகவே நடமாடத் தொடங்கியது. அயர்லாந்தில் அமைச்சர் ஜேம்ஸ் டுல்லி 1974-ல் தொகுதிகளை மாற்றினார். 1977 தேர்தலில் அது அவர் கூட்டணிக்கே வினையானது. பெயர் டுல்லிமாண்டர். தெற்கு ஆஸ்திரேலியாவில் முதல்வர் பிளேஃபோர்டு பெயரில் பிளேமாண்டர். இங்கேதான் குழப்பம். பிளேமாண்டரில் கோணல் கோடு முக்கியமில்லை. கிராமப்புறத்தில் குறைவான வாக்காளர்களுக்கே ஒரு தொகுதி கொடுத்ததுதான் அநீதி. வேடிக்கையான பெயர் இரண்டு வேறு தவறுகளை ஒன்றாக்கிவிட்டது.

நம் பிரச்சினையும் கோட்டைப் பற்றியதல்ல, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது. அதை 'இடப் பங்கீடு' என்றே எழுதுங்கள். தொகுதி எல்லையை வளைத்து யாரேனும் சூழ்ச்சி செய்தால், அன்று கெர்ரியின் பெயரை எடுங்கள்.

– வாசகர், தஞ்சாவூர்