சர்வர் பக்க நிரலாக்கம்: அடுத்த சுற்று பற்றி

நண்பர்களே, நம் பயிற்சியின் அடுத்த சுற்றுக்கு எந்த ஃபிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான ஆயத்த நிரல் தொகுப்பு) எடுக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஜாங்கோவோ லாராவெல்லோ எக்ஸ்பிரஸ்ஸோ, எதுவானாலும் சரி, முதல் வாரம் அதைத் தொட வேண்டாம். நோடோடு (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) வரும், பிரவுசர் கோரிக்கைகளை வாங்கிப் பதில் தரும் ஹெச்டிடிபி மாட்யூலை மட்டும் வைத்து, குறிப்புகளைச் சேமித்துப் பட்டியலிடும் ஒரு சின்ன தளம் எழுதுங்கள்.

படிவத்தை அனுப்பியதும் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள். மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும். சரி என்றால் அதே குறிப்பு இரண்டு முறை பதிவாகும். சேமித்த பிறகு, ‘சரி’ என்னும் பதில் எண்ணான 200க்குப் பதிலாக, ‘வேறு பக்கத்துக்குப் போ’ என்னும் 303ஐயும் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெடரையும் அனுப்பினால், பிரவுசர் கெட் கோரிக்கையோடு (பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கோரிக்கை) பட்டியல் பக்கத்துக்குப் போய்விடும்; பிறகு ரீஃப்ரெஷ் செய்தாலும் படிவம் மறுபடி போகாது. (அனுப்பு பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறவர்களை இது தடுக்காது, அது வேறு கதை.) ஃபிரேம்வொர்க் இதை ஒரே வரியில் முடித்துவிடும், ஏன் அப்படிச் செய்கிறது என்பதுதான் கண்ணில் படாது.

அப்புறம், பயனர் தந்ததை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) வரியில் நேராக ஒட்டாதீர்கள், அது கட்டளையாக ஓடிவிடலாம்; பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாகக் கொடுங்கள். உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் செஷன் குக்கிக்கு ஹெச்டிடிபிஒன்லி போடுங்கள், பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் ஹாஷாக (திரும்பப் பெற முடியாத வடிவமாக) மாற்றிச் சேமிக்க ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட். எளிதில் உடைக்கக்கூடிய பழைய முறையான எம்டி5 வேண்டவே வேண்டாம்.

எழுதிய நிரலை ஞாயிறு இரவுக்குள் குழுவில் பகிருங்கள். பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் பிறகு தேடி எடுக்க முடியும்.