கர்ப்பகாலச் சீனி: பழி யார் மேல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் இருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் சீனி கூடியிருப்பதாக கிளினிக்கில் சொன்னார்கள். பார்க்க வந்த உறவினர் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அப்படி என்ன இனிப்புச் சாப்பிட்டனீ?" வெட்டி வைத்த மாம்பழத் தட்டைத் தள்ளிவிட்டுப் பிள்ளை அழுதாள்.

உடல் எடை, குடும்பத்தில் சீனி வருத்தம் இவையும் சேரலாம், சரி. ஆனால் முக்கிய காரணம், கருப்பையில் குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் நச்சுக்கொடி. குழந்தைக்குக் குளுக்கோசு குறையாமல் கிடைக்க அது சுரக்கும் ஓமோன்கள், தாயின் உடலில் இரத்தச் சீனியைக் குறைக்கும் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. மாதம் ஏற ஏற இது கூடும். ஈடுகட்ட, இன்சுலினைச் சுரக்கும் உறுப்பான சதையி அதை இன்னும் அதிகம் சுரக்க வேண்டும். சிலருக்கு அது போதாமல் போகிறது. 24 முதல் 28 வாரத்தில் 75 கிராம் குளுக்கோசு குடிக்கக் கொடுத்துச் சோதிப்பது இதனால்தான்.

நச்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானோருக்குச் சீனி இறங்கிவிடும். அப்புறம் பலர் கிளினிக் பக்கமே போவதில்லை. பின்னாளில் இவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு நாள் பார்க்கும் அம்மாமாரே, இதற்கும் கலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06