புகை தெளிந்தால் போதுமா? தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத்தினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அண்மையில் விற்பனையாளர் ஒருவர் பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டியோடு வந்தார். மைக்ரோவேவ் பிளாஸ்மாவாம், அதாவது மைக்ரோவேவ் அலையால் மின்னேற்றம் பெற்ற வாயு. புகைக்குழாயில் பொருத்திவிட்டால் நச்செல்லாம் நல்ல காற்றாகிவிடுமாம். பழைய லாரி ஒன்றில் மாட்டி, எஞ்சினை முடுக்கிக் காட்டினார். கரும்புகை குறைந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கண் எரிந்தது. எதனால் என்று அளக்க எங்களிடம் கருவி இல்லை.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் அலையை உண்டாக்கும் மேக்னெட்ரான்தான்; அதே 2.45 கிகாஹெர்ட்ஸ். அலை எலக்ட்ரான்களை விரட்ட, அவை புகையின் மூலக்கூறுகளை மோதி உடைக்கின்றன. புகையிலுள்ள நச்சு வாயுவான நைட்ரிக் ஆக்சைடு உடைந்து நைட்ரஜனாகத் திரும்பினால் நல்லதுதான். ஆனால் டீசல் புகையில் ஆக்சிஜன் மிஞ்சிக் கிடக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 9.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், ஆக்சிஜனுக்கு 5.1 போதும். மெலிந்தவனுக்குத்தானே முதல் அடி! உடைந்த ஆக்சிஜன் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து, அதைவிடக் கொடிய நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. சூடு மிஞ்சினால் இன்னும் மோசம்: நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து புதிதாக நைட்ரிக் ஆக்சைடு உண்டாகும். 1903இல் நார்வேயின் பிர்க்கலாண்டும் ஐடேயும் காற்றில் மின்வில்லைச் செலுத்தி நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கினார்கள், உரம் செய்வதற்காக. உரத் தொழிற்சாலையை லாரியின் வாலில் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா?

தொழில்நுட்பமே பொய் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்மாவுக்குப் பின்னால் தக்க வினையூக்கியை வைத்தால் பலன் கிடைக்கலாம். என் கவலை வாகன ஆய்வு நிலையத்தைப் பற்றியது. அங்கே டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை. நைட்ரிக் ஆக்சைடுக்கோ நிறமே கிடையாது. அந்தப் பெட்டி அங்கே சிரித்துக்கொண்டே தேறிவிடும்.

2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார்களுக்கும் டாக்சிகளுக்கும் பதிவு இல்லை. லாரிக்கு அந்தத் தடை இல்லை. 2017இல் பதிவான, யூரோ 5 புகைத்தரம் கொண்ட லாரி, வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்தால் 2037 வரை ஓடலாம். இப்படிப்பட்ட பெட்டிகளை முதலாளிகள் தேடத்தான் செய்வார்கள்.

ஆகவே, இத்தகைய கருவி எதையும் ஏற்பதற்கு முன் நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வெறும் வண்டியை உறுமவிட்டு அளக்காமல், பாரம் ஏற்றி, தீவு விரைவுச்சாலையின் மாலை நெரிசலில் ஊர்வதுபோல் ஓட்டி அளக்க வேண்டும். மேக்னெட்ரானுக்கு மின்சாரம் தர எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் டீசலையும் கணக்கில் சேருங்கள். முடிவை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

சோதனைக்கு வண்டி வேண்டுமென்றால், எங்கள் வாசலில் 2016ஆம் ஆண்டு லாரி ஒன்று நிற்கிறது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டேன், சம்மதம்.

இப்படிக்கு,
ஒரு லாரி மெக்கானிக்