எங்கள் நூலகத்தைக் காயவைத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்து, அலமாரிகளின் கீழ்த்தட்டுகள் எல்லாம் மூழ்கிப்போயின. அந்த நூலகம் இப்போது மறுபடியும் திறந்துவிட்டது. கைகொடுத்தவர்களுக்கு வாசகர் வட்டத்தின் சார்பில் நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் நூலகர் அம்மாவுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருவர், 1992 வெள்ளத்தைப் பார்த்தவர், "தண்ணி இங்க வரைக்கும் வரும்மா, கீழ கெடக்கத மேல ஏத்திருங்க" என்று சொல்லியிருக்கிறார். நூலகர் அதைத் தட்டவில்லை. பதிவேடுகள், அகராதிகள், கலைக்களஞ்சியத் தொகுதிகள் எல்லாவற்றையும் மேசைமேல் மேசை போட்டு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அன்றிரவு அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர். பதிவேடுகள் தப்பியதால்தான் எந்தப் புத்தகம் பிழைத்தது, எது போனது என்று நமக்கு இன்று தெரிகிறது. அந்தப் பெரியவருக்கும் எங்கள் வணக்கம்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது என்று வெளியூரிலிருந்து நிவாரணப் பொருளோடு வந்த ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் சொல்லித்தந்தார். வெயில் பட்டால் அட்டை வளைந்து தாள் விறைத்துவிடும். ஈரத்தோடு குவித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், புத்தகத்தை விசிறிபோல விரித்து நிற்க வைக்க வேண்டும். ஆனால் ஊரில் மின்சாரமே இல்லை. அப்போதுதான் மேட்டுத் தெருத் திருமண மண்டபத்தின் மாடியை உரிமையாளர் திறந்துவிட்டார். பக்கங்களுக்கு நடுவே வைக்கச் செய்தித்தாள் உதவாது, மை ஒட்டிக்கொள்ளும். அச்சகக்காரர் தன்னிடம் மிஞ்சியிருந்த வெள்ளைத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். காசு பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் கீழ்த்தளத்தில், வீடு இழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. அந்தப் பெண்களும் பிள்ளைகளும்தான் மாடிக்கு ஏறிவந்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துத் தாள் வைத்தார்கள், ஈரத் தாளை எடுத்துவிட்டு மாற்றுத் தாள் வைத்தார்கள். தங்கள் வீட்டுப் பாத்திரமும் துணியும் எங்கே கிடக்கிறது என்றே தெரியாத நிலையில் அவர்கள் செய்த வேலை இது. "கவர்மெண்ட் புத்தகம்தானே, அவங்க பாத்துக்குவாங்க" என்று சிலர் சொல்லத்தான் செய்தார்கள். அப்படி இல்லை. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகங்கள் நம்முடையவை. மண்டபத்துப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஒருவருடைய மகள் அந்த நூலகத்தில் உட்கார்ந்துதான் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே அவர் வேறெங்கே போய்ப் படிப்பார்?

எல்லாம் பிழைக்கவில்லை. பளபளப்புத் தாளில் அச்சான சிறுவர் படப் புத்தகங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த பழைய புத்தகங்கள் நன்றாகவே தாங்கின. என்னை மிகவும் வருத்தியது உள்ளூர் அலமாரிதான்: பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் தல வரலாறு, ஆதிச்சநல்லூர் பற்றி நம்மூர்க்காரர்கள் எழுதிய சிறு வெளியீடுகள். எந்தக் கடையிலும் கிடைக்காதவை. கேள்விப்பட்டதும் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து பிரதிகளை எடுத்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், அப்பாவின் ஞாபகமாக வைத்திருந்த மலரைக்கூடக் கொடுத்த குடும்பத்துக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம், சேற்றை அள்ளிய இளைஞர்கள், அவர்களுக்கு வேளாவேளைக்குத் தேநீர் தந்த கடைக்காரர், அலமாரிகளுக்குப் புதுக் கால் வைத்துத் தந்த தச்சர், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தவர்கள், சான்றிதழ்கள் நனைந்துபோனவர்களுக்கு நூலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்த கல்லூரி மாணவிகள், எல்லோருக்கும் நன்றி.

சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் புத்தகம் அனுப்பிக்கொண்டிருக்கும் நம்மூர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பாடத்திட்டப் புத்தகங்கள் போதும், வைக்க இடமில்லை. சிறுவர் கதைப் புத்தகங்கள்தான் இன்னும் வேண்டும். அனுப்புமுன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் அவர் இருப்பார்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில்